நாருக்கு விலக்கில்லை

ஒரு திருமணத்துக்கான பூவேலை முழுவதையும் வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டிய கருவிகள் ஒரு முறத்துக்குள் அடங்கிவிடும். வாழைநார் இரண்டு மூன்று கட்டு, வெள்ளை நூற்கண்டு நான்கு, மாலை கோக்கும் நீள ஊசி ஒன்று, பூச்சடை தைக்கச் சிறிய ஊசி ஒன்று, கத்தரிக்கோல், தென்னை ஈர்க்கு ஒரு பிடி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி (பழைய வேட்டியை விடச் சிறந்தது இதற்கு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை), நாரை நனைத்துக்கொள்ள ஒரு கிண்ணம் நீர். முறத்துக்கு வெளியே வேண்டியவை பூவைப் பரப்பிவைக்க வாழையிலை, கட்டியதை வைக்க வாயகன்ற அன்னக்கூடை, காற்றோட்டமுள்ள ஒரு தாழ்வாரம். அவ்வளவுதான். 2024 வைகாசியில் எங்கள் அண்ணன் மகளின் திருமணத்துக்கு நாங்கள் சேகரித்தவையும் இவையே. சேகரிக்க அரைநாள்கூட ஆகவில்லை. முறத்தில் வைக்க முடியாத ஒன்றைச் சேகரிக்கத்தான் பல நாள் ஆயிற்று. அதைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் நாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நூல் இருக்க நார் எதற்கு என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கள் அண்ணன் மகளும் கேட்டாள். நூல் மெல்லியது, இழுத்தால் காம்பை அறுத்துவிடும். நார் பட்டையானது, அழுத்தத்தைப் பரப்பிக்கொள்ளும். நூல் காம்பின் ஈரத்தை உறிஞ்சும். நனைத்த நாரோ தன் ஈரத்தைக் காம்புக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். காலையில் நாரில் கட்டிய சரம் மாலைவரை தளராமல் இருப்பதற்கும் நூலில் கட்டியது பிற்பகலிலேயே துவண்டு தொங்குவதற்கும் இடையேயான வேறுபாடு இதுதான். கோத்து அமைக்கும் மாலைக்கு நூல். கட்டி அமைக்கும் சரத்துக்கு நார். இரண்டுக்கும் தனித்தனி நியாயம் உண்டு.

குலை வெட்டிய பிறகு வாழைமரத்துக்கு வேறு பயனில்லை என்று நினைப்பவர்கள் காவிரிக் கடைமடையில் இருக்கமாட்டார்கள். தண்டு கறிக்குப் போகும். தண்டைச் சுற்றியுள்ள மட்டைகளைக் கழற்றி, நீளவாக்கில் கிழித்து வெயிலில் உலர்த்தினால் அதுவே நார். உலர்ந்த நாரைக் கட்டாகக் கட்டிப் பரணில் போட்டுவைக்கலாம். வேண்டும்போது எடுத்து நனைத்தால் ஒரு நாழிகைக்குள் பட்டுப்போல் இளகிவிடும். பிறகு கட்டைவிரல் நகத்தால் கீறி, ஒரே அகலமுள்ள இழைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அகலம் மாறினால் முடிச்சின் இறுக்கம் மாறும். இறுக்கம் மாறினால் சரம் பாம்புபோல் வளையும். பூக்கட்டுவதில் முக்கால் பங்கு வேலை பூவைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பதை நாரைக் கீறிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

இனி பூ. காரைக்காலைச் சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு வந்து சில பொருள்களை மலிவாக வாங்கிச் செல்பவர்கள் உண்டு. அவை எவையென்று விளக்கவேண்டியதில்லை. பூவுக்கு மட்டும் நாங்கள் எல்லை தாண்டுகிறோம். தெற்கே வேதாரண்யம் பக்கத்து மணற்பாங்கான ஊர்களில் மல்லிகையும் முல்லையும் பயிராகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரைகடந்தபோது அந்தப் பகுதியின் தென்னையும் மாவும் பூச்செடிகளும் ஒரே இரவில் சாய்ந்தன. தென்னை காய்க்கப் பல ஆண்டு வேண்டும். பூச்செடி விரைவில் தலையெடுத்துவிடும். எளியவர்கள் பூச்செடியை நம்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மல்லிகையை மொட்டாகவே பறிக்கவேண்டும், அதுவும் விடியற்காலையில். அன்று மாலைக்குள் அது விரிந்துவிடும். ஆகவே பூக்கட்டுபவர் பூவைக் கட்டுவதில்லை, அது விரியப்போகும் நேரத்தைக் கட்டுகிறார். நம் முன்னோர் அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் வாழ்நாளைப் பிரித்துப் பெயரிட்டதை வகுப்பில் பல்லாண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் எவ்வளவு பயன்பாட்டுக்குரியவை என்பது பூவேலை செய்யும்போதுதான் விளங்கியது. மணமகளின் கூந்தலுக்குப் போது வேண்டும். மாலைக்கு முகை வேண்டும். அலர்ந்ததைக் கட்டினால் முகூர்த்தத்துக்குள் இதழ் உதிரும். பெயர் தெரியாதவர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிவிடுவார்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முகூர்த்த நாளில் மல்லிகையின் விலை ஏறுவதைப் பற்றிக் குறைகூறாத வீடு இல்லை. முழம் என்ற அளவே ஒரு வேடிக்கை. விற்பவரின் முழங்கை வாங்குபவரின் முழங்கையை விட எப்போதும் சற்றுக் குட்டையாகவே இருக்கும். தளர்த்திக் கட்டினால் அதே பூவில் முழம் கூடும், நெருக்கிக் கட்டினால் குறையும். எனவே உதிரிப்பூவை எடைபோட்டு வாங்கி வீட்டில் கட்டுவதுதான் சிக்கனம். (எங்கள் ஊருக்கு வடக்கே கடலோரமாகப் போனால் பூம்புகார். மாதவியின் மாலையை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்துக் கோவலன் வாங்கிய ஊர். பூவின் விலையைப் பற்றி நாம் குறைகூறும்போது அதையும் நினைத்துக்கொள்ளலாம்.)

மல்லிகை, முல்லை தவிர நாங்கள் வாங்கியவை சம்பங்கி, பன்னீர் ரோஜா, விருட்சி, மருக்கொழுந்து, துளசி, கொஞ்சம் கோழிக்கொண்டை. பந்தலுக்குச் செண்டுமல்லி. இந்தப் பட்டியலைப் பார்த்து, எல்லாம் நம் மண்ணின் பூக்கள் என்று பெரியவர் ஒருவர் மகிழ்ந்தார். சம்பங்கியும் செண்டுமல்லியும் மெக்சிகோ நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவை என்று சொல்ல நாவெடுத்து, பிறகு விட்டுவிட்டோம். வந்து சேர்ந்து சில நூற்றாண்டுகளாயின. சாமிக்கும் ஆகிவிட்டன. இனி அவற்றின் ஊர் கேட்பது முறையன்று.

வீட்டில் பூவேலை என்ற பேச்சு எழுந்ததே அலங்காரக்காரர் ஒருவர் மேடைக்குக் கொடுத்த விலைப்பட்டியலைப் பார்த்த பிறகுதான். அதில் பூவின் விலையைவிடப் பூவைத் தாங்கும் பொருளின் விலை கூடுதலாக இருந்தது. பச்சை நிறத்தில் செங்கல்போல் இருக்கும் ஒரு நுரைக்கட்டி, நீரில் ஊறவைத்துக் காம்புகளைக் குத்திவைப்பது, ஓயாசிஸ் என்று அலங்காரக்காரர்கள் சொல்வது. அமெரிக்காவில் 1954இல் அறிமுகமானது. பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரின் ஆட்சியை இந்தியாவிடம் ஒப்படைத்ததும் அதே ஆண்டு நவம்பர் முதல் நாள்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, வகுப்பெடுக்கும் பழக்கத்தால் ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கிறோம். அந்தக் கட்டி மட்காது. உதிர்ந்து பொடியாகும்போது நுண் நெகிழித் துகளாகி நீரில் கலக்கும். பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடைசெய்துவிட்டது. எங்கள் ஊரில் திருமணம் முடிந்த மறுநாள் அது அரசலாற்றங்கரையில் கிடக்கும். அண்ணன் மகள் இதைச் சொல்லித்தான் வேண்டாம் என்றாள். அண்ணனுக்கு விலையும் ஒரு காரணம். இருவரும் ஒரே முடிவுக்கு வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள்.

சங்க காலத் திருமணத்தில் இத்தகைய வேலைக்கு என்னென்ன பொருள்கள் வேண்டியிருந்தன என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அகநானூற்றில் 86ஆம் பாட்டும் 136ஆம் பாட்டும் திருமணத்தை நேரில் கண்டதுபோல் சொல்பவை. நல்லாவூர் கிழாரின் பாட்டில் கால் நட்டுப் பந்தலிட்டு, புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலைகளைத் தொங்கவிடுகிறார்கள். முடிந்தது மண்டப அலங்காரம். விற்றூற்று மூதெயினனாரின் பாட்டில் வாகையின் இலையும் அறுகம்புல்லின் முளையும் வெள்ளை நூலும் சேர்ந்து மணமகளுக்குச் சூட்டப்படுகின்றன. வீட்டைச் சுற்றி முளைத்தவை, கன்று மேய்ந்து மிச்சம் வைத்தவை. தீ வளர்த்தலோ தாலியோ இந்த இரண்டு பாட்டிலும் இல்லை என்று ஆய்வாளர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அலங்காரக்காரரும் இல்லை என்பதை நாங்கள் சேர்த்துச் சொல்கிறோம்.

கருவிகளும் பூக்களும் இப்படி எளிதில் கிடைத்துவிடுகின்றன. கிடைக்காதது கை.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே போனால் திருப்புகலூர். அப்பர் முத்தியடைந்த தலமென்று பலருக்கும் தெரியும். அறுபத்துமூவரில் முருக நாயனாரின் ஊர் அது. அவர் செய்த தொண்டு பூக்கட்டுவது ஒன்றே. பொழுது புலருமுன் எழுந்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்று நால்வகையையும் தனித்தனிக் கூடையில் பறித்துவந்து, தனியிடத்தில் அமர்ந்து வகைவகையாகத் தொடுப்பார். சேக்கிழார் அந்த வகைகளையும் ஒவ்வொன்றையும் செய்யும் முறையையும் சொல்கிறார். கோவை கோக்கப்படுவது. இண்டை சுருக்கப்படுவது. மாலை இணைக்கப்படுவது. கண்ணி தண்டில் கட்டப்படுவது. பிணையல் தாளில் பிணைக்கப்படுவது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வினை, ஒவ்வொரு வினைக்கும் விரலின் ஓர் அசைவு. கட்டத் தெரிந்தவரிடம் கேட்டு எழுதியதுபோன்ற துல்லியம் அதில் இருக்கிறது. இந்த முருக நாயனார் ஒரு திருமணத்துக்குப் போனார். நல்லூர்ப்பெருமணத்தில் திருஞானசம்பந்தரின் திருமணம். வந்திருந்த அனைவரோடும் சோதியில் கலந்தார். அன்று சம்பந்தர் அணிந்த மாலை யார் கட்டியதாக இருக்கும் என்ற கேள்வி எங்களுக்கு நெடுநாளாக உண்டு.

அவர் பட்டியலில் உள்ள வினைகளில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றோ இரண்டோதான். மல்லிகைச் சரம் கட்டுவது எல்லாப் பெண்களுக்கும் பிறவியிலேயே தெரியும் என்று ஆண்கள் நம்புகிறார்கள். அது உண்மையன்று. நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இரண்டு மொட்டை ஒருபுறமும் இரண்டை மறுபுறமும் காம்பு ஒன்றையொன்று கடக்கும்படி வைத்து, விரலில் சுற்றிய நாரை மேலே வீசி உள்ளே வாங்கி இழுக்கவேண்டும். எழுதிவிட்டோம், இதைப் படித்து யாரும் கட்டிவிட முடியாது. சரமாவது பரவாயில்லை. மணமாலை வேறு வேலை. முறுக்கிய நார்க்கயிற்றை நடுவில் வைத்து அதைச் சுற்றிச் சிறு கொத்துகளாகப் பூவை அடுக்கிக் கட்டிக்கொண்டே, கயிற்றையும் திருப்பிக்கொண்டே போகவேண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே நார் தெரியக்கூடாது. தோளில் மெல்லியதாகவும் மார்பில் தடித்ததாகவும் இறங்கி, இரண்டு கையும் ஒரே எடையாகக் குஞ்சத்தில் சேரவேண்டும். எடை மாறினால் மாலை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். படத்தில் மணமகன் தோள் கோணியிருப்பதாகத் தெரியும்.

இதையெல்லாம் செய்யக்கூடிய கை எங்கள் வீட்டிலேயே இருந்தது. எங்கள் தந்தையின் தங்கை, எங்கள் அத்தை. எழுபதைக் கடந்தவர். முப்பத்துநான்கு வயதில் கணவரை இழந்து, பிறந்த வீட்டுக்கு வந்தவர். கொல்லையில் அவர் வைத்த முல்லையும் நந்தியாவட்டையும் இன்றும் பூக்கின்றன. பாரதியார் வீதியில் உள்ள நித்தியகல்யாணப் பெருமாளுக்குச் சனிக்கிழமைதோறும் அவர் கையால் கட்டிய துளசிமாலை போகிறது. பல ஆண்டுகளாகப் போகிறது. பெருமாளின் பெயரைக் கவனிக்கவேண்டும். நாள்தோறும் மணக்கோலத்தில் இருப்பவர். அந்த மணமகனுக்கு ஆகும் மாலை, எங்கள் வீட்டு மணமகனுக்கு ஆகாது என்பது வழக்கம். எங்கள் திருமணங்களின்போதும் அத்தை பின்கட்டில்தான் இருந்தார். காய் நறுக்கினார். பூப் பக்கம் வரவில்லை. யாரும் வரவேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லாமலே நடப்பதற்குத்தான் வழக்கம் என்று பெயர்.

அண்ணன் மகள்தான் போய்க் கேட்டாள். "அத்தைப்பாட்டி, என் மாலையை நீங்கதான் கட்டித் தரணும்." அத்தை சிரித்தார். "ஏன்டி தங்கம், கல்யாண வீட்ல வம்பு வளர்க்குற?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுப்பு முதலில் அவரிடமிருந்துதான் வந்தது. பிறகு பெரியம்மாவிடமிருந்து. பிறகு மணமகன் வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற அச்சத்தின் வடிவில் அண்ணனிடமிருந்து. மணமகன் வீட்டாரிடம் யாரும் கேட்டுப்பார்க்கவில்லை. கேட்காமலே அஞ்சுவது எளிது.

தமிழ் படித்தவர்களாகிய எங்களிடம் சான்று கேட்டாள் அவள். பழந்தமிழர் இப்படியெல்லாம் ஒதுக்கவில்லை என்று நாங்கள் சொல்வோமென எதிர்பார்த்திருப்பாள். நேர்மையாகச் சொன்னால் அப்படிச் சொல்ல வழியில்லை. மேலே குறிப்பிட்ட 86ஆம் பாட்டிலேயே மணமகளைப் பூவும் நெல்லும் கலந்த நீரால் ஆட்டுபவர்கள் புதல்வரைப் பெற்ற, நல்லணி பூண்ட மகளிர் நால்வர். யார் கை ஆகும் என்ற தேர்வு அப்போதே தொடங்கிவிட்டது. கைம்மை நோன்பின் கடுமையைப் புறநானூறு மறைக்கவில்லை. பொற்காலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவர்கள் இந்த இடத்தில் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும்.

ஆனால் அதே புறநானூற்றில் 242ஆம் பாட்டு இருக்கிறது. பாடியவர் குடவாயிற் கீரத்தனார். குடவாயில் என்பது இன்றைய குடவாசல், எங்களுக்கு அண்டையூர். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் பூத்த முல்லையைப் பார்த்து, உன்னை இனி யார் சூடப்போகிறார்கள் என்று கேட்கிற பாட்டு. அதில் பூவைத் துறப்பவர் பட்டியலை ஊன்றிப் பார்க்கவேண்டும். இளைஞர்கள் சூடவில்லை. வளையணிந்த பெண்கள் பறிக்கவில்லை. பாணன் சூடவில்லை. பாடினியும் அணியவில்லை. ஒருவன் இறந்தால் நாடே பூவைத் துறக்கிறது. துக்கம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அந்தப் பொதுச்சுமையை ஒருத்தியின் தலையில் மட்டும், அதுவும் ஆயுள் முழுவதற்கும் ஏற்றிவைத்த வழக்கத்துக்கு இந்தப் பாட்டில் இடமில்லை. அண்ணன் மகளிடம் இதைச் சொன்னோம். அவளுக்கு இது போதவில்லை. "பாட்டெல்லாம் சரி, பெரியம்மாவிடம் என்ன சொல்வது?" என்றாள்.

பெரியம்மாவிடம் சொல்ல வேண்டியதை அவளே கண்டுபிடித்தாள். எங்கள் தெருமுனையில் பூக்கடை வைத்திருக்கும் அக்காவை ஊரில் அனைவருக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் உள்ளே வந்தபோது கணவரை இழந்தவர். அதன்பின் பூக்கட்டித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். எங்கள் வீட்டில் அதற்குப்பின் நடந்த திருமணங்களுக்கெல்லாம் மாலை அவரிடமிருந்தே வந்தது. பெரியம்மாவின் மகள் திருமணத்துக்கும் அவர் கட்டிய மாலைதான். "கடைக்கார அக்கா கட்டினா ஆகும், நம்ம வீட்டுப் பாட்டி கட்டினா ஆகாதா?" என்று அவள் கேட்டபோது பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது காசு குடுத்து வாங்குறது" என்றார்.

இந்த விடையை நாங்கள் பலநாள் எண்ணிப்பார்த்திருக்கிறோம். பெரியம்மா பொய் சொல்லவில்லை. காசு கொடுத்ததும் பூவுக்குப் பின்னாலிருக்கும் கை மறைந்துவிடுகிறது. கடையில் தொங்கும் மாலைக்குக் கணவன் உண்டா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அன்பினால் கட்டினால் மட்டும் கேட்கிறோம். இதைவிட விந்தையான கணக்கு ஒன்று இருக்கமுடியுமா என்று தெரியவில்லை.

அதுவும் எந்த ஊரில்? ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியையொட்டி மாங்கனித் திருவிழா நடக்கும் ஊரில். முதல்நாள் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் புனிதவதியாருக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம். நாகையிலிருந்து வந்த மாப்பிள்ளை. ஊரே பெண்வீட்டாராக நின்று சீர்வரிசை எடுத்துப்போகிறது. மாலை மாற்றுகிறார்கள். அந்த மணவாழ்வு எப்படி முடியும் என்பது கூடியிருக்கும் குழந்தைக்கும் தெரியும். மாங்கனி கண்டு மிரண்ட கணவன் கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்துகொண்டான். பிறந்த மகளுக்கு இவள் பெயரை வைத்து, குடும்பத்தோடு வந்து காலில் விழுந்தான். அவனுக்காகச் சுமந்த உடலை உதறி எறிந்துவிட்டு இவள் பேய்வடிவெடுத்துப் போனாள். கணவன் உயிரோடிருக்கக் கணவன் இல்லாதவள், இந்த ஊரின் அம்மை. அவளுக்கு ஆண்டுதோறும் மணமாலை சூட்டுகிற ஊர், தன் அத்தைகளைப் பின்கட்டில் உட்காரவைக்கிறது. இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, "அவ தெய்வம்டி" என்றார். மனிதர்களாக இருப்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம் போலும்.

சட்டம் வேறு வகையில் பேசுகிறது. தமிழ்நாட்டில் 1967இல் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின்படி, உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகப் புரிந்த மொழியில் சொன்னாலே போதும், மாலை மாற்றிக்கொண்டாலும் போதும். மோதிரம் அணிவித்தாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். நாரும் பூவுமே ஒரு திருமணத்தைச் சட்டப்படி முடித்துவைக்க வல்லவை. கட்டியவர் யார் என்ற கேள்வி சட்டத்தில் இல்லை. எங்கள் வீட்டுத் திருமணம் வைதிக முறைப்படி நடந்தது. ஆகவே இந்த வாதத்தை நாங்கள் வீட்டில் எடுக்கவில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். பூவைத் தொடமாட்டேன், நார் கிழித்துத் தருகிறேன் என்றார். நாருக்கு விலக்கில்லை அல்லவா? பெரியம்மாவும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் விடியற்காலையில் பூ வந்து இறங்கியது. தாழ்வாரத்தில் வாழையிலை விரித்து, பூவைக் கொட்டி, ஈர வேட்டியால் மூடினோம். அத்தை தூணில் சாய்ந்து நாரைக் கீறத் தொடங்கினார். நகத்தால் ஒரு கீறல், ஓர் இழுப்பு. ஒவ்வோர் இழையும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அகலம். நாங்கள் சரம் கட்டினோம். அண்ணன் மகள் தன் மாலைக்கான கயிற்றை முறுக்கி எடுத்துக்கொண்டு போய் அத்தையின் எதிரில் உட்கார்ந்தாள். முதல் கொத்தைக் கட்டிக் காட்டினாள். அத்தை பார்த்துவிட்டு, "தளர்வா இருக்கு" என்றார். அவிழ்த்துக் கட்டினாள். "இப்பவும் தளர்வுதான்." மூன்றாம் முறை அவள் பேசாமல் மாலையை நீட்டினாள். அத்தையின் கை வந்து நாரை இழுத்து முடிச்சைச் சரிசெய்தது.

அதற்குப்பின் யாரும் எதையும் சொல்லவில்லை. நாலாவது கொத்திலிருந்து அத்தைதான் கட்டினார். அண்ணன் மகள் பூவை எடுத்துக்கொடுத்தாள். பெரியம்மா அடுப்படியிலிருந்து இரண்டுமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை வந்தபோது காபி கொண்டுவந்து அத்தையின் பக்கத்தில் வைத்தார். சம்பங்கி வெண்மையில் நடுநடுவே விருட்சிச் செம்மை, ஓரத்தில் மருக்கொழுந்து, குஞ்சத்தில் பன்னீர் ரோஜா. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்குமாக இரண்டு மாலையும் விளக்கேற்றும் நேரத்தில் முடிந்தன. அத்தை இரண்டையும் இரு கையில் தூக்கிப்பிடித்து எடை பார்த்தார். வாழையிலையில் சுற்றி, ஈரத்துணி போர்த்தி, அன்னக்கூடையில் வைத்தார். குளிர்பெட்டியில் வைக்கலாமே என்று அண்ணன் கேட்டார். வைத்தால் வெளியே எடுத்ததும் கறுக்கும், இரவுக் காற்றே போதும் என்றார் அத்தை.

மறுநாள் மண்டபத்துக்கு மாலைகள் போயின. அத்தை போகவில்லை. வண்டி வாசலில் நின்றது, அண்ணன் மகள் மணப்புடவையோடு இறங்கி வந்து கூப்பிட்டாள். நாங்களும் கூப்பிட்டோம். "சாயங்காலம் வர்றேன். மாடு கன்னு யார் பாக்குறது?" என்றார். வீட்டில் மாடு இல்லாமல் போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. மாலையில் வரவேற்புக்கு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, ஒன்பது மணிக்கு முன்பே வீடு திரும்பினார். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையிலிருந்து இறங்கிப்போய் வணங்கியபோது எழுந்து நின்றுகொண்டார். தலையில் கைவைக்கவில்லை.

திருமணம் முடிந்த மூன்றாம் நாள் மண்டபத்துக்குக் கணக்கு முடிக்கப் போனோம். வாசலில் கட்டியிருந்த இரண்டு வாழைமரங்களையும் கேட்டு வண்டியில் ஏற்றிவரும்படி அத்தை சொல்லியனுப்பியிருந்தார். கொண்டுவந்து கொல்லையில் போட்டோம். தண்டைக் கூட்டுக்கு எடுத்துக்கொண்டு, மட்டைகளைக் கழற்றி, நீளமாகக் கிழித்துக் கொடியில் உலர்த்தினார். எட்டுக் கட்டு தேறியது. பரணில் இருக்கிறது. பெரியம்மாவின் பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சென்ற வாரம் பெரியம்மா வந்திருந்தபோது, நார் பழசானால் முறிந்துபோகுமா என்று அத்தையிடம் கேட்டார். "ஈரம் படாம இருந்தா ரெண்டு வருஷம் தாங்கும்" என்றார் அத்தை.